உறக்கத்தில் பல் நறநறக்கும் குழந்தைகள்

குழந்தை வளர்ப்பில் பெற்றோரைக் கலங்கச் செய்யும் சிறு தொல்லைகள் பல. பகலில் நேர்வனவற்றை எப்படியோ சமாளித்து விடுகிறோம். இரவில் நேர்வனவே நம்மைப் பெரிதும் அச்சுறுத்துகின்றன. அவற்றுள் ஒன்று, அயர்ந்து உறங்கும் குழந்தை திடீரெனப் பற்களை நறநறவென்று கடிப்பது. ஆட்டுக்கல்லில் சிறு கல் அகப்பட்டாற்போல் எழும் அவ்வொலியைக் கேட்ட எவரும் எளிதில் மறக்க மாட்டார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் தாய் எழுந்து விளக்கைப் போடுகிறாள். குழந்தையோ ஒன்றும் அறியாது உறங்குகிறது. காலையில் கேட்டால், 'நான் கடிக்கவே இல்லையே!' என்கிறது.

ஊரில் என்றால், அடுத்த அறையில் படுத்திருக்கும் பாட்டி எழுந்து வந்து, 'இதெல்லாம் ஒன்றுமில்லை, உன் புருஷனும் சிறு வயதில் இப்படித்தான்' என்று சொல்லி விட்டுப் போவாள். வெளியூரில் வாழும் நமக்கு அந்தப் பாட்டி தொலைபேசிக்கு அப்பால் இருக்கிறாள். ஒரே அறையில் தாய், தந்தை, மக்கள் எல்லோரும் படுத்துறங்கும் நகர வாழ்க்கையில் இவ்வொலி எல்லோருடைய காதிலும் விழுகிறது. எல்லோருடைய உறக்கத்தையும் கெடுக்கிறது. ஆதலின் இதைப் பற்றி இக்கட்டுரையில் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம். நம் இல்லத்திலேயே ஏழெட்டு மாதங்கள் இத்தொல்லையை அனுபவித்தோம் என்பதும், அதில் நாம் செய்த பிழைகள் பிறருக்குப் பயன்படக் கூடும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

நம் இல்லத்தில் நடந்தது

மாற்றல் உத்தரவு பெற்று, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு நாம் வந்து சேர்ந்தது ஒரு ஜூன் மாத இறுதியில். இளைய மகனுக்கு அப்போது ஐந்து வயது நிறைந்திருந்தது. ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்தது; சேர்த்தோம். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் இரவு முதன்முதலாக அந்த ஒலியைக் கேட்டோம். பின்னர் வாரத்தில் நான்கைந்து இரவுகள் அது வாடிக்கையாயிற்று.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னோம். 'ஐயா, பிள்ளைக்கு வயிற்றில் பூச்சிதான் இருக்கும். வேறென்ன? வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுங்கள்' என்றார்கள் அம்மா. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் கேட்டோம். அவர்களும் தயங்காமல் 'பேட் மேம் கீடே' என்றார்கள். கொல்கத்தாவிலுள்ள நம் உறவினர் ஒருவர், அங்கும் 'க்ருமி' என்றுதான் சொல்வார்கள் என்று எழுதினார். மும்பையில் அதற்கு 'ஜந்த்' என்று பெயராம். மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு ஆயினும், குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பதில் பாரத நாடு முழுவதும் ஒரே குரலில் பேசுகிறது என்பதைக் கண்டு வியந்தோம்.

பள்ளியிலேயே ஆகஸ்டு மாதத்தில் பூச்சி மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாம் அது போதாதென்று செப்டம்பரில் மருந்துக் கடைக்காரரைக் கேட்டு ஒரு முறையும், நவம்பரில் மீண்டும் ஒரு முறையும் வாங்கிக் கொடுத்தோம். எந்த மருத்துவரையும் கேட்கவில்லை. பல் கடிப்பது நிற்கவும் இல்லை. பூச்சிக்கு மருந்து தேடிக் கழித்த அம்மாதங்களில், குழந்தையை உண்மையாகவே வருத்திக் கொண்டிருந்த வேறு இரண்டு காரியங்கள் நம் கண்ணில் படவே இல்லை. அவை எவை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

பூச்சிதான் காரணமா?

குழந்தைகளின் குடலில் உருண்டைப் புழு, கொக்கிப் புழு, சாட்டைப் புழு, கீரிப்பூச்சி முதலியவை குடியேறுவது நம் நாட்டில் உண்மையே. அவை இரத்தச் சோகையையும் வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கும் என்பதும் உண்மை. அதன் பொருட்டே இந்திய அரசு 2015ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளை நடத்தி வருகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாட்களையொட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளோர்க்கு ஆல்பென்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையைக் குழந்தைகள் தவறாது உட்கொள்ள வேண்டும்.

ஆனால் பூச்சி இருப்பதனால்தான் பல்லைக் கடிக்கிறது என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி அன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கூறும் ஆய்வுகளும் உள. இல்லை என்று கூறும் ஆய்வுகளும் உள. பூச்சியே இல்லாத குழந்தைகள் எத்தனையோ பேர் பல்லைக் கடிக்கிறார்கள். பூச்சி உள்ள குழந்தைகள் பலர் கடிப்பதில்லை. கீரிப்பூச்சியின் பெண் இனம் இரவு நேரத்தில் ஆசனவாயின் அருகே வந்து முட்டையிடுவதால் அரிப்பு உண்டாகிக் குழந்தையின் உறக்கம் கலைகிறது. உறக்கம் கலையும் போது பல் கடிப்பது மிகலாம். பழைய நம்பிக்கை இவ்வழியே வந்திருக்கலாமோ என்று எண்ண இடமுண்டு. ஆயினும் பல் கடிக்கும் ஒலி ஒன்றையே சான்றாகக் கொண்டு, மருத்துவரைக் கேளாமல் அடிக்கடி பூச்சி மருந்து புகட்டுவது நாம் செய்த பிழை. நம் வாசகர்கள் அதைச் செய்ய வேண்டா.

ஒலி எழும் விதம்

இவ்வழக்கத்துக்கு மருத்துவர்கள் இட்டிருக்கும் பெயர் ப்ரக்ஸிசம். பற்களை அரைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. இதற்குக் காரணம் கூறியோர் காலத்துக்குக் காலம் வேறுபட்டனர். 1961ஆம் ஆண்டில் ரம்ஃபியார்டு என்னும் பல் மருத்துவ அறிஞர் ஆய்வு வெளியிட்ட காலத்தில், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாமையே பெருங் காரணம் என்ற கருத்து வலுவாக இருந்தது. பிற்காலத்தில் உறங்குவோரின் மூளை அலைகளையும் நாடித் துடிப்பையும் தாடைத் தசைகளின் அசைவையும் இரவு முழுதும் ஒருங்கே பதிவு செய்து பார்த்தார்கள். மான்ட்ரியால் நகரில் லவீன் முதலியோர் செய்த இத்தகைய ஆய்வுகளால் பழைய கருத்து பின்தங்கிற்று. இந்த ஒலியின் பிறப்பிடம் பல் அன்று, மூளை என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்றுக் கொண்ட முடிவு.

அது நடக்கும் விதம் பின்வருமாறு. உறக்கம் இரவு முழுவதும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஆற்றில் நீந்துவோன் மூழ்கியும் மேலெழுந்தும் செல்வது போல், உறங்குவோரும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் மெல்லிய உறக்கத்துக்கும் மாறி மாறிச் செல்கிறோம். மெல்லிய உறக்கத்தில் இருக்கையில், மூளை ஒரு சில விநாடிகளுக்குச் சற்றே விழிக்கிறது. இந்தக் குறு விழிப்பு உறங்குவோருக்குத் தெரியாது. அப்போது முதலில் நாடித் துடிப்பு சற்று விரைகிறது. பின்னர், மெல்லுவதற்குப் பயன்படும் கன்னத் தசைகளும் நெற்றிப் பொட்டுத் தசைகளும் சுருங்கித் தாடையை அசைக்கின்றன. பற்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அதுவே நாம் கேட்கும் ஒலி. குழந்தைக்கு வலியில்லை, கனவும் காரணம் அன்று, எழுந்த பின் நினைவும் இராது.

உடல்நலம் உடையவரிடத்தில் இது நோயன்று, தசைகளின் ஒருவகைச் செயலே என்று பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2018ஆம் ஆண்டில் வரையறுத்தது. குழந்தைகளில் எத்தனை பேருக்கு இது உண்டு? 2013ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், நூற்றுக்கு 3.5 முதல் 40.6 வரை என்று வெவ்வேறு கணக்குகள் இருப்பதைக் கண்டனர். பெரும்பாலும் பெற்றோரைக் கேட்டே கணக்கெடுத்தமையால் இவ்வளவு வேறுபாடு. குழந்தையோடு ஒரே அறையில் படுக்கும் தாய்க்கு ஒலி கேட்கும். தனி அறையில் படுக்க வைக்கும் தாய்க்குக் கேளாது அன்றோ? ஆனால் வயது ஏற ஏற இது குறைந்து வருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்திருக்கின்றன.

குடும்ப வழியும் இதில் உண்டு. பின்லாந்து நாட்டில் ஆயிரக் கணக்கான இரட்டையரைக் கேட்டு 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பரம்பரைக்கு இதில் கணிசமான பங்கு உண்டு என்று காட்டிற்று. 'உன் புருஷனும் இப்படித்தான்' என்ற பாட்டியின் சொல் பொய்யன்று.

பற்களுக்குக் கேடு உண்டா?

தாய்மாரின் அடுத்த அச்சம் பற்களைப் பற்றியது. குழந்தைக்கு முதற்பல் ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்து விடுகின்றன. ஆறு வயதளவில் நிலைப்பற்கள் தோன்றத் தொடங்குகின்றன. பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதற்கடைவாய்ப்பல்லும் நிலைப்பல்லே என்பதைப் பலர் அறியார். 'விழுகிற பல்தானே' என்று அதனைப் பேணாது விட்டு விடுகிறார்கள்.

பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் ஒரு முறை தேய்ந்தால் மீண்டும் வளராது. பால்பல்லில் அவ்வுறை மெல்லியதாகையால் விரைவில் தேய்ந்து, பல்லின் முனை தட்டையாகத் தோன்றும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவ்வளவோடு நின்று விடும். அந்தப் பற்கள் தம் காலத்தில் விழுந்து புதுப்பற்கள் வந்து விடும். ஆனால் பல் கூசினாலும், முனை உடைந்தாலும், நிலைப்பற்கள் தேய்வது தெரிந்தாலும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புளிப்பு மிகுந்த பானங்களும் புட்டியில் வரும் கோலா வகைகளும் எனாமலை இளகச் செய்வதால், பல் கடிக்கும் குழந்தைக்கு அவை இரட்டைக் கேடு.

பெரியவர்களுக்குப் பல்லின் மேல் பொருத்தும் உறை ஒன்றை மருத்துவர் செய்து கொடுப்பது வழக்கம். வளரும் தாடையை உடைய சிறு குழந்தைகளுக்கு அதைச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. எனவே, கடையில் விற்கும் உறைகளை வாங்கி மாட்டி விட வேண்டா.

மூக்கும் மூச்சும்

இனி, நாம் காணத் தவறிய முதற் காரியத்துக்கு வருவோம். தை மாதக் குளிரில் ஒரு நாள் பல் மருத்துவர் ஒருவரிடம் குழந்தையை அழைத்துச் சென்றோம். அவர் வாயைத் திறந்து பார்த்தது ஒரு நிமிடமே. பின்னர் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். 'குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்து கொண்டு உறங்குகிறானா? தலையணை எச்சிலால் நனைகிறதா? உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? காலையில் தலைவலி என்கிறானா?' முதல் மூன்றுக்கும் 'ஆம்' என்று சொன்னோம். சொல்லும் போதே நமக்கு நாணமாக இருந்தது. குழந்தை வாயைப் பிளந்து உறங்குவதைத் தீபாவளிக்குப் பிறகு தினமும் பார்த்திருந்தோம். ஆனால் பார்வை பல்லின் மேலேயே இருந்தமையால் அது மனத்தில் பதியவில்லை.

மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்னும் சதையும், தொண்டையின் இரு பக்கத்தில் டான்சில் என்னும் சதையும் உள்ளன. மூன்று வயதிலிருந்து ஏழு வயதளவில் அடினாய்டு பெரிதாக இருந்து, பின்னர் சுருங்கும். சளியாலோ ஒவ்வாமையாலோ அது வீங்கினால் மூச்சு செல்லும் வழி குறுகி விடுகிறது. மூச்சுக்குத் தடை ஏற்படும் போதெல்லாம் மூளை குறு விழிப்புக் கொள்கிறது. குறு விழிப்போடு பல் கடித்தலும் சேர்ந்து வருகிறது. குறட்டை விடும் குழந்தைகளிடம் பல் கடித்தல் மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சதையை அகற்றிய பின் பல குழந்தைகளிடம் பல் கடிப்பது குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள்.

தில்லியின் பனிக் காலக் காற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று உள்ளே வராமல் சன்னலைச் சாத்தி விட்டு, உள்ளே கொசுவர்த்திச் சுருளையும் ஊதுபத்தியையும் கொளுத்தி வைத்திருந்தோம்! காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்து, அறுவை தேவையில்லை என்று கூறி, மூக்கில் விட உப்பு நீரும் ஒரு மருந்தும் எழுதித் தந்தார். புகையை நிறுத்தினோம்; கொசுவலை கட்டினோம். இரண்டு வாரத்தில் குறட்டை குறைந்தது.

வீட்டில் புகை பிடிப்போர் உள்ள குழந்தைகளிடமும் பல் கடித்தல் மிகுதியாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. தந்தையர் இதைக் கவனிக்க வேண்டும். மாடிப்படியில் நின்று பிடித்து விட்டு வந்தாலும் சட்டையில் புகை வருகிறது.

மனத்தின் பங்கு

நாம் காணத் தவறிய இரண்டாவது காரியம் இன்னும் வருத்தத்துக்கு உரியது. அந்தப் பல் மருத்துவர் எழுந்து செல்லும் போது, 'பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா?' என்று குழந்தையைக் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் தாயின் முந்தானையைப் பற்றிக் கொண்டான்.

மறுநாள் அவன் தாய் ஒன்றைக் கவனித்தாள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் புட்டி நிறைந்தவாறே திரும்பி வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் காலணியைக் கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடினான். ஓடி வருவது அவனுக்கு மாதக் கணக்கில் வழக்கம். விளையாட்டு என்று எண்ணியிருந்தோம்.

'ஏன் ஐயா, தண்ணியே குடிக்கலே?' என்று தாய் கேட்டாள்.

'குடிச்சா ஒண்ணுக்கு வருமே அம்மா. டீச்சர் கிட்டே எப்படிக் கேக்கிறது?' என்றான்.

ஜூலையிலிருந்து தை வரை ஆறு மாதங்கள், ஐந்து வயதுக் குழந்தை ஒருவன் வகுப்பில் இந்தியில் ஒரு சொற்றொடரைக் கேட்கத் தெரியாமையால் தாகத்தை அடக்கியிருக்கிறான், சிறுநீரை அடக்கியிருக்கிறான், யாரிடமும் சொல்லவும் இல்லை. துன்பத்தைப் பொறுத்துக் கொள்வதைப் 'பல்லைக் கடித்துக் கொண்டிருத்தல்' என்று தமிழில் சொல்கிறோம். அந்தக் குழந்தை பகலெல்லாம் செய்தது அதுதான்.

ஆசிரியையைக் குறை கூறுவதற்கில்லை. செய்தியைச் சொன்னவுடன் அவர் திடுக்கிட்டார். நாற்பது குழந்தைகளில் பேசாத குழந்தையை 'நல்ல பிள்ளை' என்று எண்ணி விட்டதாகச் சொன்னார். சுண்டு விரலை உயர்த்திக் காட்டினால் போதும் என்று அன்றே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். நாமும் வீட்டில் 'மேம், பானீ பீலூம்?', 'மேம், டாய்லெட் ஜாவூம்?' என்ற இரண்டையும் விளையாட்டாகச் சொல்லிப் பழக்கினோம். மூன்றாம் நாள் தண்ணீர்ப் புட்டி காலியாக வந்தது. அன்று அவன் தாய் அழுதாள்.

மனக் கவலைக்கும் உறக்கத்தில் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதைக் குழந்தைகளிடத்தும் பல ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கவலை உள்ள குழந்தைகள் எல்லோரும் பல் கடிப்பர் என்றோ, பல் கடிக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் கவலை உண்டு என்றோ இதற்குப் பொருள் அன்று. ஆயினும் புதிய ஊர், புதிய பள்ளி, தம்பி தங்கை பிறத்தல், பெற்றோரிடையே சச்சரவு, வீட்டில் ஒருவர் மறைவு ஆகியவற்றின் பின் இவ்வொலி தொடங்கினால், அதை ஒரு கேள்வியாக நாம் எடுத்துக் கொள்ள வேண்டும். பெரியவர்க்கு மாற்றல் என்றால் சம்பளமும் பதவியும் கண்ணுக்குத் தெரிகின்றன. குழந்தைக்கு அதே மாற்றலில் தெரிவது, தன் மொழி யாருக்கும் விளங்காத ஓர் அறை.

நாம் செய்யத் தக்கன

பல் கடிக்கும் குழந்தையை எழுப்ப வேண்டா. தாடையைப் பிடித்து நிறுத்துவதும் பற்களிடையே துணியைச் செருகுவதும் கூடவே கூடாது. மெல்லத் திருப்பிப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் பல நேரங்களில் ஒலி அடங்கும். காலையில் அதைச் சொல்லிக் கேலி செய்வதும் திட்டுவதும் வேண்டா. உறக்கத்தில் நடப்பதற்குக் குழந்தை பொறுப்பன்று.

உறக்கம் போதிய அளவு இருத்தல் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயது வரை பகல் உறக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. நம் இல்லங்களில் நடப்பதென்ன? தந்தை அலுவலகத்திலிருந்து திரும்ப ஒன்பது மணி ஆகிறது. அவர் முகத்தைப் பார்த்த பிறகே குழந்தை உறங்கும். காலை ஆறு மணிக்குப் பள்ளி வண்டிக்காக எழுப்புகிறோம். இக்கணக்கில் ஒரு மணி நேரமோ இரண்டோ குறைகிறது. தந்தையும் மகனும் கொஞ்சும் நேரத்தைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பார்க்கலாம்.

மாலைக்கு மேல் குழந்தைக்குக் காப்பியோ தேநீரோ வேண்டா. நம்மவர் வீட்டில் பெரியவர்கள் டபரா ஆற்றும் போது குழந்தைக்கும் இரண்டு வாய் ஊற்றுவது வழக்கம். அன்பினால் செய்வதே ஆயினும் அது உறக்கத்தைக் கெடுக்கும். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி விட வேண்டும். இரவு உணவை முன்னதாகவும் எளியதாகவும் கொடுக்க வேண்டும். பின்னர் விளக்கைத் தாழ்த்தி, தமிழில் ஒரு கதை சொல்லுங்கள். பகலெல்லாம் பிற மொழியில் தடுமாறிய குழந்தைக்குத் தன் மொழியில் கேட்கும் கதை பெரிய ஆறுதல். அந்த நேரத்தில்தான் அது தன் மனத்தில் உள்ளதைச் சொல்லும்.

எப்போது மருத்துவரை நாடுவது?

காலையில் தாடை வலி, தலைவலி, காதோர வலி என்று குழந்தை சொன்னாலும், மெல்ல மறுத்தாலும் காட்ட வேண்டும். வாரத்தில் பல இரவுகள் குறட்டை விட்டாலும், மூச்சு தடைப்பட்டாலும், பகலில் உறங்கி விழுந்தாலும், காரணமின்றிச் சிடுசிடுத்தாலும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் நன்று. விழித்திருக்கும் போதும் பல் கடிக்கும் குழந்தைகளையும், மூளை வாதம், டவுன் நோய்க்குறி முதலியன உள்ள குழந்தைகளையும் பல் மருத்துவர் அவ்வப்போது பார்த்து வருதல் வேண்டும். கவனக் குறைவுக்கும் மனச் சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துகள் சில, பல் கடிப்பதை மிகுவிக்கக் கூடும். அப்படி ஐயம் தோன்றினால் மருந்தைத் தாமே நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். பல் கடிப்பதோடு உடல் விறைத்தல், கை கால் வெட்டி இழுத்தல், நாக்கைக் கடித்துக் கொள்ளுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது வலிப்பாக இருக்கலாம், சிறிதும் தாமதிக்கலாகாது.

எங்கே செல்வது என்று வெளியூர்களில் உள்ளோர் திகைக்க வேண்டியதில்லை. தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம், மும்பையில் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரி, கொல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி ஆகியவை பொது மக்களுக்கான நிலையங்களே. குழந்தைகளின் பற்களுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் உண்டு. பெயர்ப் பலகையில் 'பீடோடான்டிஸ்ட்' என்று காணப்படும்.

முடிவாக

நம் மகன் இப்போது பல் கடிப்பதில்லையா என்று வாசகர்கள் கேட்பர். மறு ஆண்டு மே மாத விடுமுறையில் ஊருக்குச் சென்ற போது, பாட்டியின் அருகில் இருபது நாட்கள் படுத்தான். 'இரண்டு நாள் கேட்டேன், அவ்வளவுதான்' என்றார்கள். மூக்கு சரியானதால் குறைந்ததா, பள்ளி பழகியதால் குறைந்ததா, வயது ஏறியதால் குறைந்ததா என்று நம்மால் பிரித்துச் சொல்ல இயலாது. 'வேப்பங்கொழுந்து கொடுத்தீர்களா?' என்று மட்டும் பாட்டி கேட்டார்கள். கொடுத்தோம் என்று சொல்லி வைத்தோம்.

எது எப்படியாயினும், அந்த ஒலி கேட்காதிருந்தால் நாம் மருத்துவரிடம் சென்றிரோம். தண்ணீர்ப் புட்டியையும் பார்த்திரோம். புதிதாக வந்து சேரும் குடும்பங்களுக்கு வாடகை வீடு தேடிக் கொடுக்கிறோம். மளிகைக் கடையைக் காட்டுகிறோம். அவ்வாறே, அக்குடும்பத்துக் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லு முன், தண்ணீர் கேட்கவும் வெளியே செல்ல விடை கேட்கவும் 'வயிறு வலிக்கிறது' என்று சொல்லவும் அவ்வூர் மொழியில் நாலு சொற்களைச் சொல்லிக் கொடுப்பதை நம் சங்கத்து அன்பர்கள் ஒரு கடமையாக மேற்கொள்ளலாம். அதற்குப் பணம் வேண்டா. ஒரு ஞாயிற்றுக் கிழமை மாலை போதும்.